மாற்றத்துக்கு யார் விலை கொடுப்பது?

(அருப்புக்கோட்டையில் இளைஞர்கள் நடத்திவரும் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த தோழர் போனில், "உங்க ஆராய்ச்சி எதப் பத்தி தோழர்?" என்று கேட்டார். "நிறுவனங்களில் மாற்ற மேலாண்மை" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு, "அதுல நமக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றார். நியாயமான கேள்விதான். இன்று நான் பேசப்போவது அந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

மாற்ற மேலாண்மை என்றால் என்ன? ஒரு கம்பெனியிலோ அரசு அலுவலகத்திலோ புது முறை ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். அங்கே இருப்பவர்கள் அதை ஏற்க மறுக்கிறார்கள். மறுப்பைத் தாண்டி அந்த மாற்றத்தை எப்படி நிலைநிறுத்துவது என்பதைப் படிக்கிற துறை இது. 1947இல் கர்ட் லெவின் எழுதியதிலிருந்து பாடத்தைத் தொடங்குவார்கள். உறைந்திருப்பதை முதலில் உருக்கு, பிறகு மாற்று, பிறகு மறுபடி உறையவை என்று அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லித் தருவார்கள். அடுத்து ஜான் காட்டர் 1990களில் சொன்ன எட்டுப் படிகள். தேவையை உணர்த்து, கூட்டணி சேர், கனவைச் சொல், சின்ன வெற்றியைக் காட்டு என்று அது போகும்.

இவற்றைப் படித்த பெரும்பாலான மேலாளர்களிடம் ஓர் அனுமானம் படிந்துவிடுகிறது. மனிதர்கள் மாற்றத்தை எதிர்ப்பது பயத்தினால், பழக்கத்தினால், புரியாமையினால். ஆகவே பேசு, புரியவை, பயிற்சி கொடு, பழகிவிடும் என்பதுதான் அது.

நம்ம ஊரில் பிறந்த யாருக்கும் இதைக் கேட்டால் ஓர் உறுத்தல் வரும். டீக்கடையில் தனிக் குவளை வைத்தவருக்குப் புரியாமலா இருந்தது? கோயில் கதவைச் சாத்தியவர் பழக்கதோஷத்தினாலா சாத்தினார்? அவருக்கு நன்றாகவே புரியும். தான் எதை இழக்கப்போகிறோம் என்று எதிர்ப்பவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால்தான் எதிர்க்கிறார். ஆகவே என் ஆய்வில் நான் கேட்கிற கேள்வி வேறு. ஒரு மாற்றம் வரும்போது அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? மறுப்பவரா, மாற்றத்தைச் சுமந்து வருபவரா?

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து எனக்கு வரவில்லை. ஆய்வுக்கு வருமுன் இரண்டு வருடம் ஒரு ஸ்பின்னிங் மில்லின் பெர்சனல் ஆபீசில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். நான் சேர்ந்த வருடம் அங்கே கைரேகை மெஷின் வைத்தார்கள். முதல் இரண்டு நாள் ஒரே கூச்சல். "நாங்க என்ன திருடங்களா?" என்று கேட்டார்கள். நிர்வாகம் யாரிடமும் விவாதிக்கவில்லை. ரேகை வைக்காதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை என்று ஒரு தாளை ஒட்டியது. ஒரு வாரத்தில் எல்லோரும் வரிசையில் நின்று ரேகை வைத்தார்கள்.

அதே வருடம் டிப்ளமோ முடித்த ஒரு தலித் இளைஞரை ரிங் பிரேம் பகுதிக்கு சூப்பர்வைசராகப் போட்டார்கள். அங்கே சிலர் அவர் சொல்லி டாஃப் எடுக்க மாட்டோம் என்றார்கள். வாய்விட்டுச் சாதி சொல்லவில்லை. "செட் ஆகல சார்" என்றார்கள். இப்போது நிர்வாகம் எந்தத் தாளையும் ஒட்டவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும், பழகிரும்" என்றது. பதினைந்து நாள் கழித்து அந்த இளைஞரைக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு, நைட் ஷிப்டுக்கு மாற்றினார்கள். "அவருக்கும் நிம்மதிதானே" என்றார் மேலாளர்.

அந்த மாற்றல் ஆர்டரை டைப் செய்தது நான்தான். நானும் தலித்துதான். கையெழுத்து வாங்கப் போனபோது அந்தத் தோழர் என் முகத்தைப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரே மில், ஒரே வருடம், அதே தொழிலாளர்கள். ஒரு மாற்றம் ஒரு வாரத்தில் நடந்தது; இன்னொன்று பதினைந்து நாளில் செத்தது. முதலாவதில் மறுத்தால் மறுத்தவருக்குச் சம்பளம் போகும். இரண்டாவதில் மறுத்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் முழுவதும் சூப்பர்வைசர் தலையில் விழுந்தது. மனம் மாறியதா, பயம் தெளிந்ததா என்பதெல்லாம் இரண்டிலும் பேச்சே இல்லை.

சரி, அரசு நினைத்தால் என்ன செய்ய முடியும்? இதே மண்ணிலிருந்து ஒரு வரலாறு சொல்கிறேன். இன்றைய அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்று ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. 1920களில் இந்தப் பக்கம் தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கின. அந்தக் காலத்து பஸ் கம்பெனிகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தன. காசு கொடுத்தாலும் ஏற்ற மாட்டார்கள். அந்த தசாப்தத்தின் இறுதியில் ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். சென்னை பாண்டி பஜாரில் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானவர்கள் உச்சரிப்பது அவர் பெயரைத்தான். பலருக்கு அது தெரியாது.

பஸ் முதலாளிகளைக் கூட்டி அவர் சமத்துவ உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான். ஒரு பொது நிறுவனம், தன் கையில் இருந்த அதிகாரத்தை வைத்து, தனியார் நிறுவனங்களை மாற்றிய கதை இது. இந்த உத்தரவின் நுட்பத்தைக் கவனியுங்கள். அதுவரை தீண்டாமைக்கான செலவு ரோட்டோரம் நின்ற மனிதருடையது. நடந்தே போகவேண்டும், வைத்தியத்துக்குப் பிந்தவேண்டும், சந்தைக்குப் பிந்தவேண்டும். உத்தரவுக்குப் பிறகு அந்தச் செலவு பஸ் முதலாளியின் கணக்குப் புத்தகத்துக்கு மாறியது. சாதியா, ரூட்டா என்று அவர் முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

ஒரு கையெழுத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. என் அப்பத்தா திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கரிமூட்டத்தில் வேலை பார்த்தவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவரோடு அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் வருவேன். சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றே வருவார். "உக்காரு அப்பத்தா" என்றால், "இருக்கட்டும்யா, இந்தா வந்துருச்சுல்ல" என்பார். கதவைத் திறக்கச் சட்டம் போதும். உட்கார வைப்பதற்கு இன்னும் பல தலைமுறை உழைப்பு வேண்டும். ஆனால் கதவு திறக்காமல் அந்த உழைப்பைத் தொடங்கவே முடியாது.

இப்போது இதற்கு நேர்மாறான கதைக்கு வருகிறேன். இதுவும் நம் மாவட்டத்துக் கதைதான்.

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் தேர்தல். முதன்முறையாக ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. நிறுவன மாற்றம் என்று பார்த்தால் சுதந்திரத்துக்குப் பின் கிராமத்தில் நடந்த மிகப்பெரிய மாற்றங்களில் ஒன்று இது. என்ன நடந்தது? மேலவளவில் தேர்தலில் நின்று வென்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். உடன் வந்தவர்களையும் கொன்றார்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நமது விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்து ஆண்டுகளாகத் தலித் தலைவர் ஒருவர் இருந்து ஆளவே முடியவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள்; மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. வந்தால் அது ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆளாக இருக்கும். ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். மறுபடி அறிவிப்பு, மறுபடி ராஜினாமா.

2006 அக்டோபரில்தான் நான்கிலும் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். புதிதாக வந்த அரசு அக்கறை காட்டியது. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசினார்கள். இடதுசாரி இயக்கங்களும் தலித் இயக்கங்களும் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தன. சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அந்த நான்கு தலைவர்களையும் மேடையேற்றினார்கள். அந்த வெற்றியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். பாடுபட்டவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பாடுபட்டார்கள்.

ஆனால் ஆய்வாளனாக ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அந்தப் பத்து ஆண்டுகளில் மறுத்தவர்களுக்கு என்ன செலவானது? அரசியலமைப்பு தந்த ஒரு பதவியை ஒரு கிராமமே சேர்ந்து முடக்கி வைத்ததே, யாருக்கு என்ன இழப்பு? தலைவர் இல்லாத இடத்தில் அதிகாரிகளை வைத்து நிர்வாகம் ஓடியது. மனுத் தாக்கல் செய்ய நினைத்த தலித்துக்கோ வேலை போகும், ஆடு மாடு மேய இடம் இருக்காது, ஒருவேளை உயிரே போகும். நிலமும் கூலி வேலையும் யார் கையில் இருந்ததோ அவர்களை எதிர்த்துத்தான் அவர் மனுப் போட வேண்டும். மாற்றத்தின் விலை முழுவதையும் அதிகாரமே இல்லாத ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, "ஏன் யாரும் முன்வரவில்லை?" என்று அரசு கேட்டுக்கொண்டிருந்தது. சௌந்தரபாண்டியன் ஒரு தாளில் செய்ததைச் செய்ய, அவர் காலத்துக்கு முக்கால் நூற்றாண்டு கழித்து வந்த நிர்வாகத்துக்குப் பத்து ஆண்டு போதவில்லை.

பதவியேற்ற பிறகாவது கதை முடிகிறதா? என் பெரியப்பா ஒருமுறை ஊராட்சித் தலைவராக இருந்தார். ஒதுக்கீட்டுத் தொகுதி. எங்கள் சட்டப்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆகவே நாற்காலியில் தலித் உட்கார்ந்தாலும் பெட்டிச் சாவியில் பாதி பழைய கையிலேயே இருக்கும். ஊழலைத் தடுப்பதற்கென்று வைத்த விதி, ஊர் ஆதிக்கத்தின் பூட்டாக மாறிவிட்டது.

ஒரு சித்திரை மாதம் மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் காயில் கருகிப் போனது. செக்கில் துணைத் தலைவரின் கையெழுத்துக்காகப் பெரியப்பா அவர் வீட்டுக்கு நடந்தார். "அய்யா தூங்குறாங்க", "அய்யா மதுரைக்குப் போயிருக்காங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். இங்கே குடத்தோடு பெண்கள் பெரியப்பாவைத்தான் ஏசினார்கள். எங்கள் தெருவும் சேர்த்துத்தான் ஏசியது. கடைசியில் நாலு வெள்ளாட்டை விற்று மோட்டாரைக் கட்டினார். அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. "மூணு நாள் நடந்தேன்ப்பா. நடந்தது கூடப் பரவாயில்ல, வாசல்ல நின்னதுதான்..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஊரார் இன்றுவரை சொல்வது என்ன தெரியுமா? "அவரு தலைவரா இருந்தப்ப ஒண்ணுமே நடக்கல."

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 ஆகஸ்டில் கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவர் அமிர்தம் சுதந்திர தினத்தன்று கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் ராஜேஸ்வரி கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளிவந்தது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் சத்துணவு சமைக்க வந்த பாப்பாள், அருந்ததியர் என்பதற்காக எதிர்க்கப்பட்டார். நிர்வாகம் முதலில் செய்தது என்ன? எதிர்த்தவர்களை விட்டுவிட்டுச் சமைக்க வந்தவரை இடமாற்றம் செய்தது! போராட்டம் வெடித்த பிறகே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. என் மில்லின் குடோன் ஆர்டருக்கும் இந்த ஆர்டருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று தனியார், ஒன்று அரசு. இரண்டிலும் சிக்கல் என்றால் நகர்த்தப்படுவது நாம்தான்.

1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது அண்ணல் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் சமத்துவமும், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்றார். ஊராட்சி அலுவலகத்தில் போடப்பட்ட நாற்காலி அரசியல். துணைத் தலைவர் வீட்டு வாசல் சமூகம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பெரியப்பா மூன்று நாள் நடந்தார்.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டு வேலை இருக்கிறது.

முதல் வேலை, மறுப்பவருக்குச் செலவு வைப்பது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதியினரை வேட்புமனு போடவிடாமல் மிரட்டித் தடுப்பது அதன்படி குற்றம். ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ இருப்பவரைக் கடமை செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் குற்றம். அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, கடமையை வேண்டுமென்றே தட்டிக் கழிக்கும் அரசு ஊழியருக்கும் தண்டனை சொல்கிறது. பஸ் லைசென்ஸ் போல இன்று நம் கையில் இருக்கும் தாள் இதுதான். ஆனால் பெரியப்பா போன்றவர்களின் கதை எந்தக் கோப்பிலும் இல்லை. எத்தனையாம் தேதி போனார், யார் என்ன சொன்னார், எத்தனை நாள் தாமதம் என்று ஒரு நோட்டில்கூட எழுதப்படவில்லை. எழுதாத மறுப்புக்கு வழக்கு கிடையாது. உங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு தலைவருக்குத் துணையாக அந்த நோட்டை எழுதலாம். தேதி போட்டு, மனுவாக்கி, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது வேலை, மாற்றத்தைச் சுமப்பவரின் செலவைப் பகிர்ந்துகொள்வது. இதற்கும் இந்த மண்ணிலேயே பாடம் இருக்கிறது. 1897இல் பக்கத்து ஊரான கமுதியில் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்ததற்கு வழக்குப் போட்டார்கள். அது இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசியில் கலவரம். அன்று அந்தச் சமூகத்தைத் தாங்கி நின்றது உறவின்முறையும் மகமையும். வியாபாரத்தில் ஒவ்வொருவரும் ஒரு சிறு பங்கைப் பொதுவில் வைத்தார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் எழுந்தது. அடி ஒருவர் மேல் விழுந்தாலும் செலவு ஊர் முழுக்கப் பரவியது. இந்த அருப்புக்கோட்டையும் அப்படி வளர்ந்த ஊர்களில் ஒன்று. மகமை ஒரு சாதிக்குள் நின்ற அமைப்பு. அந்த எல்லையை நாம் ஏற்க வேண்டியதில்லை. சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு வேண்டியது சாதி கடந்த ஒரு மகமை. ஒரு தலித் தலைவர் மோட்டார் கட்ட ஆடு விற்க வேண்டிய நிலை வந்தால் அது அவருடைய நஷ்டமாக இருக்கக்கூடாது. நம் எல்லோருடைய நஷ்டமாக இருக்கவேண்டும்.

இங்கே ஆதிக்க சாதியில் பிறந்து, சாதியை வெறுத்து வந்திருக்கும் தோழர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். முகநூலில் எங்களுக்கு ஆதரவு எழுதுங்கள், நல்லது. ஆனால் துணைத் தலைவர் உங்கள் பெரியப்பாவாகவும் இருக்கலாம். அவர் வீட்டுக்குள் எனக்கு வழி கிடையாது, உங்களுக்கு உண்டு. "ஏன் இன்னும் கையெழுத்துப் போடல?" என்று அவரிடம் கேட்டால் உங்களுக்கும் ஒரு விலை இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் சண்டை வரும், சொத்துப் பேச்சு வரும், கல்யாணப் பேச்சு நிற்கும். அந்த விலையில் ஒரு பங்கை நீங்கள் எடுத்துக்கொள்ளாதவரை மாற்றம் என்பது நாங்கள் மட்டும் கட்டும் வரியாகவே இருக்கும்.

நம் மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. அடுத்த தேர்தல்களில் மறுபடியும் எங்கோ ஒரு ஒதுக்கீட்டு ஊராட்சியில் ஒருவர் மனுப் போடலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்க யோசிப்பார். அவர் கணக்குப் போடுவது தைரியத்தை அல்ல, விலையை. பிள்ளையின் படிப்பு, மேயும் ஆடு, நாளைக்குக் கிடைக்கும் கூலி, இவற்றைக் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கில் நம் பெயரும் இருக்கவேண்டும்.

மில்லை விட்டு வந்த பிறகு அந்த சூப்பர்வைசர் தோழரை ஒருமுறை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேறு மில்லில் இருப்பதாகச் சொன்னார். அந்த ஆர்டரைப் பற்றிப் பேச நான் வாயெடுத்தேன். "விடுங்க தோழர், நீங்க டைப் அடிக்கலேன்னா வேற ஆளு அடிச்சிருப்பான்" என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அன்று நான் டைப் செய்ய மறுத்திருந்தால் அந்த மாற்றத்தின் விலையில் ஒரு சிறு பங்காவது என்னுடையதாக இருந்திருக்கும். இனி வரும் ஆர்டர்களை டைப் செய்யும் இடத்தில் உங்களில் பலர் உட்காரப் போகிறீர்கள். அன்றைக்கு இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.